பெரிய குடும்பத்துக்கு எந்த ‘சாப்ட்னர்’? தங்கவயலின் உப்புத் தண்ணீரும் ஒரு மூட்டை உப்புக் கணக்கும்

தங்கவயலில் தண்ணீர் பிடிப்பது ஒரு வேலை. பிடித்த தண்ணீரில் சோப்பை நுரைக்க வைப்பது இன்னொரு வேலை.

இருட்டோடு எழுந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்தாலும் நுரை வராது. குளித்து முடித்த பிறகும் உடம்பில் ஒரு பிசுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். தலைமுடி தேங்காய் நாராகும். அடுப்பில் பருப்பு வேகாமல் முழித்துக்கொண்டு கிடக்கும். வெந்நீர் அண்டாவில் வெள்ளைக் காறை படியும். ஆசையாக வாங்கி மாட்டிய கீசரில் கம்பி முழுவதும் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆகி, ஒரு நாள் எரிந்தும் போகும்.

இந்தத் தொல்லைக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டு ‘வாட்டர் சாப்ட்னர்’ வந்திருக்கிறது. குழாய் நுனியில் திருகும் சின்ன டப்பா முதல், ஆள் மார்பளவு நிற்கும் சிலிண்டர் வரை பல ரகம். இரண்டு பேர் உள்ள வீட்டில் தவறான ரகத்தை வாங்கினால் சின்ன நஷ்டம். பத்துப் பதினைந்து பேர் உள்ள கூட்டுக் குடும்பத்தில் தவறாக வாங்கினால், கொடுத்த பணம் ஒரு பக்கம் போக, மாதாமாதம் தண்டம் கட்டவேண்டி வரும். பிராவிடண்டு பண்டுப் பணத்தில் கை வைப்பதற்கு முன்னால் சில கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

பாலாறு கொடுத்த தண்ணீர்

தங்கவயலுக்கு இந்தத் தொல்லை ஆதியில் இருந்தே வந்தது அல்ல. சுரங்கக் கம்பெனி காலத்தில், 20-ம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இருந்தே, பேத்தமங்கலம் ஏரியில் இருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. அது பாலாற்றுத் தண்ணீர். இதே பாலாறுதான் ஆந்திர எல்லையைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் பக்கம் போகிறது. வட ஆற்காட்டில் இருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள், ஊரை விட்டு வந்தும் ஊர் ஆற்றின் தண்ணீரைத்தான் குடித்தன.

ஏரித் தண்ணீர் என்பது பெரும்பாலும் மழைத் தண்ணீர். பாறையோடு அதற்கு அதிகப் பழக்கம் கிடையாது. அதனால் மென்மையாக இருக்கும்.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி கொடுத்த வசதிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரியும் கை விரித்தது. போர்வெல்லும் டாங்கர் லாரியும் வந்தன. கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடி தாண்டிப் போர் போடுவது இன்று அதிசயம் இல்லை. மழை ஊறுவதை விட அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்ட பகுதிகளின் பட்டியலில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் இந்த மாவட்டத்தைச் சேர்த்திருக்கிறது. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் தங்கத்துக்காக 10 ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிய ஊர், இன்று தண்ணீருக்காக அதே பாறையைக் குடைகிறது.

பாறை இடுக்கில் பல காலம் தங்கிய தண்ணீர் சும்மா வருவதில்லை. கால்சியம், மக்னீசியம் என்ற இரண்டு சத்துக்களைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இவைதான் சோப்பைப் பிடித்துத் திரித்துப் பிசுக்காக்குகின்றன. பருப்பின் தோலை இறுக்குவதும் இவையே. இதைத்தான் ‘கடின நீர்’ என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோம். வீட்டில் ‘உப்புத் தண்ணீர்’ என்கிறோம். உண்மையில் இது சமையல் உப்பு அல்ல.

முதலில் அளக்க வேண்டும்

ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் கடினத்தன்மை என்று அளப்பது வழக்கம். 60-க்குள் இருந்தால் மென்மை. 180-க்கு மேல் போனால் மிகக் கடினம். இந்தியத் தர நிறுவனத்தின் 2012-ம் ஆண்டுக் குடிநீர் விதி 200 வரை நல்லது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

அரசு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் அளந்து சொல்லிவிடுவார்கள். வீட்டிலேயே பார்க்கச் சொட்டு மருந்துப் பெட்டியும் கிடைக்கிறது. தண்ணீரில் ஒரு பொடியைப் போட்டால் திராட்சை ரசம் போலச் சிவக்கும். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட, நீல நிறமாக மாறும். எத்தனை சொட்டு என்பதை வைத்து அளவு தெரியும்.

ஒரே ஒரு நாள் அளந்தால் போதாது. குழாய்த் தண்ணீர் வரும் நாள் ஒரு அளவு, டாங்கர் வரும் நாள் வேறு அளவு. டாங்கர்காரர் போன வாரம் ஒரு போரில் பிடித்திருப்பார், இந்த வாரம் இன்னொரு போரில் பிடித்திருப்பார். சம்பில் எல்லாம் கலந்து கிடக்கும். மூன்று, நான்கு முறை அளந்து, இருப்பதிலேயே மோசமான அளவைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீடு தேடி வருகிற சிலர் பேனா போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் நட்டு, ‘பாருங்கள், 900 காட்டுகிறது’ என்று பயமுறுத்துவார்கள். அது தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புக்களையும் சேர்த்துக் காட்டும் கருவி. கடினத்தன்மையைத் தனியாக அது காட்டாது. சாப்ட்னர் மாட்டிய பிறகு அதே பேனாவை நட்டால் ஏறக்குறைய அதே எண்தான் வரும். அப்போது அந்த ஆள் ஊரில் இருக்க மாட்டார்.

இன்னும் சிலர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் செம்மண் கரைசல் போல் ஆவதைக் காட்டுவார்கள். பார்க்கிற பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தச் சிவப்பு, கம்பியின் இரும்பு கரைந்து வருவது. தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல.

இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது?

சாப்ட்னர் சிலிண்டருக்குள் ‘ரெசின்’ என்ற மணிகள் இருக்கின்றன. கடுகை விடச் சிறியவை. அந்த மணிகளில் சோடியம் உட்கார்ந்திருக்கிறது. கடினத் தண்ணீர் உள்ளே போனதும், ரயில் பெட்டியில் இரண்டு பேரை எழுப்பிவிட்டு ஒரு பருமனான ஆள் இடத்தைப் பிடிப்பது போல, இரண்டு சோடியத்தை இறக்கிவிட்டு ஒரு கால்சியம் ஏறிக்கொள்ளும். இறங்கிய சோடியம் தண்ணீரோடு வெளியே வரும். அது சோப்பைக் கெடுப்பதில்லை.

எல்லா இடமும் நிரம்பியதும் ரெசின் வேலை செய்யாது. அப்போது கெட்டியான உப்புக் கரைசலை உள்ளே விட வேண்டும. பெரும் கூட்டமாகச் சோடியம் வந்து மோதியதும் கால்சியம் இடத்தைக் காலி செய்துவிட்டுச் சாக்கடைக்குப் போகும். ரெசின் மறுபடியும் புதிதாகிவிடும். இதற்குத்தான் உப்பு.

இந்த வித்தை நூறு ஆண்டுக்கும் பழையது. ஜெர்மன் ரசாயன நிபுணர் ராபர்ட் கான்ஸ் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு வகை மண்ணைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். 1935-ல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் செயற்கை ரெசினைக் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு வருவதற்கு முன்னால் தொழிற்சாலைக்காரர்களும் ரயில்வேக்காரர்களும்தான் தண்ணீரை மென்மையாக்கப் பெரும்பாடு பட்டார்கள். நீராவி இஞ்சினின் பாய்லரில் காறை படிந்தால் நிலக்கரி வீணாகும், குழாய்கள் சூடேறிக் கெடும். கீசர் கம்பிக்கு நேர்கிற கதியும் அதுதான். அளவுதான் சின்னது.

பதினோரு பேர் உள்ள வீடு

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். கலியாணம் ஆகாத ஒரு மகள். பேரப் பிள்ளைகள் நான்கு. ஆக 11 பேர். தண்ணீரின் கடினத்தன்மை 500.

விற்பனையாளர் வருகிறார். ‘பெரிய குடும்பம் சார், 50 லிட்டர் ரெசின் போட்டுவிடுங்கள். வீடு முழுக்க ஒரே இணைப்பு. கவலையே இல்லை’ என்கிறார்.

உள்ளே இருந்து பாட்டி கேட்கிறாள்: ‘மாசம் எத்தனை கிலோ உப்பு ஆகும்ப்பா?’

‘உப்புத்தானேம்மா, என்ன பெரிசா ஆகிடப் போகுது!’

பாட்டி கேட்டதுதான் கேள்வி. பதிலைக் கணக்காகப் பார்ப்போம்.

நகரத்து வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு பொறியாளர்கள் போடும் கணக்கு. அதில் குளிக்க 55, துணி துவைக்க 20, கழிப்பறைக்கு 30, வீடு கழுவ 10, பாத்திரம் கழுவ 10, சமைக்க 5, குடிக்க 5. தங்கவயலில் இத்தனை தண்ணீர் யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்கலாம். கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

11 பேருக்கு 1,485 லிட்டர். லிட்டருக்கு அரை கிராம் வீதம், ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கடினத்தன்மை சுமார் 740 கிராம். ஒரு லிட்டர் ரெசின், சுமார் 150 கிராம் உப்பைத் தின்றுவிட்டு, ஏறக்குறைய 50 கிராம் கடினத்தன்மையை எடுக்கும். அப்படியானால் ஒரு மாதத்துக்கு ஆகும் உப்பு சுமார் 67 கிலோ.

ஒரு மூட்டைக்கு மேல்! விற்பனையாளர் ‘என்ன பெரிசா’ என்றாரே, அது இதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 25 லிட்டர் ரெசின் வாங்கினாலும் இதே 67 கிலோ. 50 லிட்டர் வாங்கினாலும் இதே 67 கிலோ. சின்ன சிலிண்டர் என்றால் ஒன்றே முக்கால் நாளுக்கு ஒரு முறை உப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பெரிய சிலிண்டர் என்றால் மூன்றரை நாளுக்கு ஒரு முறை. சிலிண்டரின் பருமன் வேலையைத்தான் குறைக்கும். உப்புச் செலவைக் குறைக்காது. உப்பைக் குறைக்க ஒரே வழி, மென்மையாக்கும் தண்ணீரின் அளவைக் குறைப்பதுதான்.

எல்லாத் தண்ணீரையும் மாற்றாதீர்கள்

கழிப்பறைக்கு மென் நீர் எதற்கு? வாசல் தெளிக்க எதற்கு? செடிக்கு ஊற்றினால் சோடியம் மண்ணைக் கெடுக்கும். குளியலுக்கும் துணிக்கும் மட்டும் என்று நிறுத்திக்கொண்டால் ஆளுக்கு 75 லிட்டர். 11 பேருக்கு 825 லிட்டர். உப்பு மாதம் 37 கிலோவாக இறங்கிவிடும். 25 லிட்டர் ரெசினே போதும். மூன்று நாளுக்கு ஒரு முறை கழுவினால் சரி.

பக்கெட்டில் குளிக்கும் வீட்டில் இது இன்னும் இறங்கும். இரண்டு பக்கெட் என்பது 40 லிட்டருக்கு மேல் போகாது. மேலே இருந்து கொட்டும் ஷவர்தான் தண்ணீரையும் உப்பையும் சேர்த்துக் கொட்டுகிறது.

இன்னும் ஒரு வழி உண்டு. மென் நீரோடு கொஞ்சம் பழைய தண்ணீரைக் கலப்பது. நான்கு பங்கு மென் நீர், ஒரு பங்கு போர் தண்ணீர் என்று கலந்தால் கடினத்தன்மை 100 ஆகும். சோப்பு நன்றாகவே நுரைக்கும். உப்பில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். 37 கிலோ என்பது 30 கிலோ ஆகும். முழுக்க மென்மையான தண்ணீரில் குளித்தால் சோப்புப் போகாதது போல வழுவழுப்பாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்பவர்களுக்கும் இது தீர்வு. சாப்ட்னரைச் சுற்றி ஒரு மாற்றுக் குழாயும் ஒரு வால்வும் வைத்தால் போதும். பிளம்பருக்கு அரை நாள் வேலை.

இரண்டு தொட்டி வைத்தால் இடி இல்லை

பெரிய குடும்பத்தின் அடுத்த பிரச்சினை காலை நேர நெரிசல். ஒருவர் ரயிலுக்கு, ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு, ஒருவர் கோவிலுக்கு. இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் திறந்தால் சின்ன சாப்ட்னர் ஈடு கொடுக்காது. தண்ணீர் வேகமாக ஓடினால் ரெசினோடு பேசவே அதற்கு நேரம் இராது. பாதி கடினமாகவே வெளியே வரும். இதைக் காட்டித்தான் பெரிய சிலிண்டரை விற்கிறார்கள்.

அதற்குப் பதிலாக மாடியில் இரண்டு தொட்டி வைக்கலாம். ஒன்றில் சம்பில் இருந்து ஏற்றிய சாதாரணத் தண்ணீர். அது கழிப்பறைக்கும் மற்ற வேலைகளுக்கும். இன்னொன்று ஆயிரம் லிட்டர் தொட்டி. சாப்ட்னர் வழியாக மெதுவாக நிரம்பும் மென் நீர். இரவில் நிரப்பி வைத்துவிட்டால் காலையில் எத்தனை குழாய் திறந்தாலும் கவலை இல்லை. சம்பு மோட்டாரின் வேகம் சின்ன சாப்ட்னருக்கு அதிகம். அதனால் சாப்ட்னர் பக்கம் போகும் வால்வைக் குறைத்து வைத்து, மீதித் தண்ணீர் முதல் தொட்டிக்குப் போகும்படி குழாயைப் பிரித்துவிட வேண்டும்.

டாங்கர் தண்ணீரில் மண்ணும் துருவும் வரும். சாப்ட்னருக்கு முன்னால் ஒரு வடிகட்டி கட்டாயம். இரும்புத் துரு ரெசினில் படிந்தால் சாதாரண உப்புக் கழுவலில் போகாது.

கையால் திருப்பும் வால்வா, தானாகக் கழுவும் வால்வா? தானாகக் கழுவுவதிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று கடிகாரம் வைத்தது. மூன்று நாள் ஆனதும், தண்ணீர் ஓடியதோ இல்லையோ, கழுவிவிடும். தண்ணீர் நாலு நாள் வராத ஊரில் இது உப்பைத் தின்னும் பூதம். மின்சாரம் போனால் சிலவற்றில் நேரமும் குழம்பும். இன்னொன்று ஓடிய லிட்டரை எண்ணிக் கழுவுவது. விலை கூட. வாங்க முடிந்தால் அதுவே மேல். முடியாதவர்கள் கை வால்வு வாங்கி, தினசரித் தாள் காலண்டரில் குறித்து வைத்துக் கழுவலாம். வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். ‘அவர் செய்வார்’ என்று இருவர் நினைத்தால் இருவரும் கடினத் தண்ணீரில் குளிக்க வேண்டியதுதான்.

ஒரு முறை கழுவ 25 லிட்டர் ரெசினுக்கு 150 முதல் 250 லிட்டர் வரை தண்ணீர் செலவாகும். தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதலில் வரும் உப்புக் கழிவைச் சாக்கடையில் விடலாம். கிணறு, போர் பக்கத்தில் விடக்கூடாது. செடிக்கும் ஆகாது. கடைசியில் வரும் அலசல் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம்.

உப்பு வாங்கும்போது மண் கலந்த கல் உப்பு வேண்டாம். அடியில் சேறு கட்டி குழாயை அடைக்கும். சுத்தமான உப்பு கொஞ்சம் விலை கூடினாலும் சண்டை இல்லை.

குடிக்கும் குடம் தனி

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமான சங்கதி.

சாப்ட்னரில் இறங்கிய சோடியம் எங்கே போகிறது? தண்ணீரில்தான் இருக்கிறது. 500 கடினத்தன்மை உள்ள தண்ணீரை முழுக்க மென்மையாக்கினால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் கூடும். மூன்று லிட்டர் குடிக்கும் ஒருவர், ஒன்றே முக்கால் கிராம் உப்பில் உள்ள சோடியத்தைத் தண்ணீரிலேயே விழுங்குகிறார். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள் நிறுத்துங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்தக் கொதிப்பு உள்ள தாத்தாவுக்கு டாக்டர் ஊறுகாயை நிறுத்தச் சொல்லியிருப்பார். ஊறுகாய் நின்றுவிடும். சொம்புத் தண்ணீரில் உப்பு போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது புளோரைடு. கோலார் மாவட்டத்தின் பல இடங்களில் ஆழத்து நீரில் இது அளவுக்கு மேல் இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-க்கு மேல் கூடாது என்பது விதி. மீறினால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். பல ஆண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். சாப்ட்னர் புளோரைடைத் தொடவே தொடாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் புளோரைடின் அடர்த்திதான் கூடும்.

‘ஆயிரக்கணக்கில் கொடுத்து இயந்திரம் வைத்தாயிற்று, இனி எந்தக் குழாயிலும் பிடித்துக் குடிக்கலாம்’ என்று நினைக்கிற வீடுகளில்தான் ஆபத்து. தண்ணீர் தெளிவாக இருக்கும். நுரை நன்றாக வரும். பருப்பும் வேகும். பிள்ளையின் பல்லில் கறை மட்டும் விழுந்துகொண்டிருக்கும்.

ஆகவே கடினத்தன்மைக்குக் கொடுக்கும் பாட்டிலிலேயே புளோரைடையும் பார்க்கச் சொல்லுங்கள். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீர் 11 பேருக்கு 110 லிட்டர்தான். அதைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். நாணயம் போட்டுப் பிடிக்கும் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீராக இருக்கலாம். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரமாக இருக்கலாம். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் மென் நீரை அதற்குள் விட்டால் உள்ளே இருக்கும் சவ்வில் காறை படியாது. சோடியத்தின் பெரும் பகுதியையும் புளோரைடின் பெரும் பகுதியையும் அது தள்ளிவிடும். ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று குடம் கழிவு போகும்.

நோய் தீர்க்கும் இயந்திரமா?

முடி உதிர்வது நிற்கும், தோல் வியாதி போகும், சிறுநீரகக் கல் வராது என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். கடின நீரால்தான் கல் வருகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டாதவையும் அல்ல. இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதி வீடுகளில் சாப்ட்னர் மாட்டினார்கள். 2011-ல் முடிவு வந்தது. மருந்தோடு சாப்ட்னரும் இருந்த குழந்தைகளுக்கும், மருந்து மட்டும் இருந்த குழந்தைகளுக்கும், தோலைப் பரிசோதித்தவர்கள் வித்தியாசம் காணவில்லை.

சோப்பு மிச்சம், கீசர் மிச்சம், துணி வெளுப்பு, முடி சிக்கு விழாமை. இவை உண்மை. இவற்றுக்காக வாங்கலாம். வைத்தியச் செலவு குறையும் என்று வாங்க வேண்டாம்.

சின்ன டப்பாவும் காந்தமும்

குழாய் நுனியில் மாட்டும் டப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதில் ஒரு லிட்டர் ரெசினே இருந்தாலும் 500 கடினத்தன்மை உள்ள தண்ணீரில் 100 லிட்டருக்குத்தான் தாங்கும். ஐந்து பக்கெட். பெரிய வீட்டில் மூன்றாவது ஆள் குளிப்பதற்குள் அதன் கதை முடிந்துவிடும். பல டப்பாக்களில் ரெசினே கிடையாது. காறை படிவதைத் தாமதப்படுத்தும் ஒரு மருந்துதான் இருக்கும். கீசருக்கு அது உதவலாம். சோப்பு நுரைக்காது.

குழாயின் மேல் கட்டும் காந்தம் தண்ணீரில் இருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. காறையைக் குறைக்கிறதா என்று பார்த்த சோதனைகளிலும் முடிவுகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை.

வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் வழி இருக்கிறது. துணி ஊற வைக்கும் 20 லிட்டர் பக்கெட்டில் 10, 12 கிராம் சலவை சோடாத் தூளைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் கால்சியம் வெள்ளையாகப் பிரிந்துவிடும். பிறகு சோப்புக் கொஞ்சம் போதும். பாட்டிமார்கள் செய்த வேலைதான் இது. குளிக்கும் தண்ணீருக்கு இது வேண்டாம், தோல் எரியும்.

மழைத் தண்ணீருக்கு உப்பே வேண்டாம். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை என்று வைத்தாலும், 100 சதுர மீட்டர் மாடியில் இருந்து, வீணாவது போக, சுமார் 56 ஆயிரம் லிட்டர் இறங்கும். அதைச் சம்பில் சேர்த்தால் மழை மாதங்களில் சாப்ட்னருக்கு ஓய்வு கொடுக்கலாம். லைன் வீட்டுச் சின்னக் கூரைக்கு இது அவ்வளவு வராது. ஆனாலும் இரண்டு டிரம் நிரம்பும்.

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் ரசீதில் மூன்று விஷயங்களை எழுதி வாங்க வேண்டும். உள்ளே ரெசின் எத்தனை லிட்டர். ஒரு முறை கழுவ உப்பு எத்தனை கிலோ. உங்கள் வீட்டுத் தண்ணீரின் அளவுக்கு எத்தனை லிட்டருக்கு ஒரு முறை கழுவ வேண்டும். ‘ஐந்து பேருக்கு’, ‘பத்துப் பேருக்கு’ என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். மாட்டிய அன்றே, மென் நீர்க் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துச் சொட்டு மருந்தை அவர் முன்னாலேயே விட்டுப் பார்த்துவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.